பெல்ட்டே மாத்தலையே, அப்புறம் எதுக்கு லேபர்?

"பெல்ட்டே மாத்தலையே, அப்புறம் எதுக்குங்க லேபர்?" பொள்ளாச்சியில் ஒரு பட்டறையில் எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் என் பில்லை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது இது. கோபத்தில் கேட்கவில்லை. ஒரு பொம்பளப் பிள்ளையிடம் கூடுதலாக வாங்கிவிடப் போகிறார்களே என்று எனக்காகப் பரிந்துதான் கேட்டார். மெக்கானிக் அண்ணன் பதில் சொல்லவில்லை, கையைத் துடைத்துக்கொண்டே அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். நான் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. பில்லில், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் புல்லி, அதாவது பெல்ட் சுற்றும் சக்கரம் ஒன்று, பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லி ஒன்று, கீழே லேபர் என்று ஒரு தொகை. பெல்ட் என்ற வார்த்தையே அதில் கிடையாது. எஞ்சின் முகப்பில் ஓடும் பெல்ட்டின் சத்தத்துக்காகப் போன வண்டிக்குப் பெல்ட் மாற்றாமல் அனுப்பியதுதான் அந்த வண்டிக்கு வெகுகாலம் கழித்து நடந்த சரியான வைத்தியம். அதை எப்படி விளக்கிச் சொல்வது என்று அன்றைக்கு எனக்கு வார்த்தை வரவில்லை. இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

எங்களுடையது பதினோரு வருஷ டீசல் வண்டி. காலையில் முதல் ஸ்டார்ட்டில் பானட்டுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வரும். மழை நாளில் கூடுதலாக, ஏசி போட்டால் இன்னும் கூடுதலாக. கொஞ்ச தூரம் ஓடியதும் அடங்கிவிடும். கோவையில் நாங்கள் வழக்கமாக விடும் இடத்தில் கேட்ட மாத்திரத்தில் "ஃபேன் பெல்ட்டுங்க" என்றார்கள், மாற்றினார்கள். சத்தம் நின்றது. சில வாரங்களில் திரும்ப வந்தது. போன பெல்ட் டூப்ளிகேட்டாக இருக்கும் என்று சொல்லி, கம்பெனி பெட்டியோடு காட்டி, இன்னொன்று போட்டார்கள். அதுவும் நின்றது, அதுவும் திரும்பியது. அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் நினைக்கவில்லை. பெல்ட் சத்தம் என்று வந்தால் பெல்ட்டை மாற்றுவது என்பது அங்கே எழுதாத சட்டம். வாடிக்கையாளர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். பழைய பெல்ட்டைக் கையில் கொடுத்துவிட்டால் பணத்துக்கு வேலை நடந்துவிட்டது என்று எல்லோருக்கும் ஒரு திருப்தி.

எனக்கு அந்தத் திருப்தி போதாமல் இருந்ததற்குக் காரணம் வால்பாறை. அப்பாவும் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்கள். அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துவர அடிக்கடி மலை ஏறி இறங்க வேண்டும். ஆழியாறிலிருந்து மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூவில் நின்று வரையாடு பார்க்கிறவர்களுக்கு அது அழகான சாலை. எங்கள் வண்டியில் ஸ்டியரிங் ஹைட்ராலிக், அதன் பம்ப் இந்தப் பெல்ட்டில்தான் ஓடுகிறது. ரேடியேட்டர் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பும் இதில்தான். ஒரு வளைவின் நடுவில் பெல்ட் அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும், ஸ்டியரிங் கல்லாகிவிடும், சில நிமிடங்களில் சூடு முள் மேலே ஏறும். அதைப் பார்க்காமல் ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போய், எஞ்சினையே பிரிக்கிற செலவு வரும். சில டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வாக்குவம் பம்பை ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே பொருத்தியிருப்பார்கள். அவற்றில் பிரேக் மிதியும் இறுகிப் போகும். பின்சீட்டில் அப்பா படுத்திருக்கும்போது இதில் எதையும் நினைத்துப் பார்க்க நான் தயாராக இல்லை.

எல்லா பாரமும் ஒரே பெல்ட்டில்

அம்பாசடர் ஓடிய காலத்தில் பெல்ட் என்றால் வி வடிவத்தில் தடிமனான ஒன்று. எஞ்சின் நேராகச் சுற்றும் கிராங்க் புல்லியில் தொடங்கி, ஃபேனையும் தண்ணீர் பம்பையும் டைனமோவையும் சுற்றி வரும் ஒரு முக்கோணம். தளர்ந்தால் டைனமோவின் போல்ட்டைத் தளர்த்தி, நெம்பி வெளியே தள்ளி, திரும்ப முறுக்குவார்கள். கட்டைவிரலால் அழுத்தி அரை இன்ச் போகிறதா என்று பார்ப்பதுதான் அளவு. டிக்கியில் ஒரு ஸ்பேர் பெல்ட் எப்போதும் கிடக்கும். பின்னால் ஏசி, பவர் ஸ்டியரிங் எல்லாம் சேர்ந்தபோது ஒவ்வொன்றுக்கும் தனிப் பெல்ட் என்று எஞ்சினின் முகப்பில் இரண்டு மூன்று பெல்ட் வரிசையாக ஓடத் தொடங்கியது. உள்ளே இருப்பது போனால் வெளியே இருப்பதையெல்லாம் கழற்ற வேண்டும்.

அதற்கு முடிவு கட்டியது, மெல்லிய பட்டையில் நீளவாக்கில் வரிசை வரிசையாகப் பள்ளம் வெட்டிய இந்தப் பெல்ட். அமெரிக்காவில் ஃபோர்டு தன் 1979 மாடல் மஸ்டாங்கில் ஒரே பெல்ட்டில் எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டியது. பிறகு உலகம் முழுக்க அதுவே வழக்கமானது. பழைய வி பெல்ட்டைப் பின்பக்கமாக மடக்க முடியாது. இது மெல்லியது என்பதால் இரண்டு பக்கமும் மடங்கும், முதுகாலும் ஒரு புல்லியைச் சுற்றும். அதனால்தான் மேலே போய்க் கீழே வந்து இத்தனை உறுப்புகளைத் தொட்டுவர முடிகிறது. இழுவையைப் பார்த்துக்கொள்ள ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் ஒன்று இருக்கும். கட்டைவிரலுக்கு வேலை இல்லை. பெல்ட்டின் முதுகில் 6பிகே1750 என்பதுபோல ஒரு எண் இருக்கும். பள்ளங்களுக்கு இடையே மேடாக நிற்கும் வரி ஆறு, ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு 3.56 மில்லிமீட்டர், மொத்த நீளம் 1,750 மில்லிமீட்டர் என்று அர்த்தம். ஸ்பேர் கடையில் இந்த எண்ணைச் சொன்னால் போதும், வேறு கதை தேவையில்லை.

இது படும் பாட்டை நான் ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிராங்க் புல்லியின் விட்டம் 15 சென்டிமீட்டர், எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் நிமிடத்துக்கு 942 மீட்டர் ஓடுகிறது, அதாவது மணிக்கு 56 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு மீட்டர் நீளப் பெல்ட்டின் ஒவ்வொரு அங்குலமும் நிமிடத்துக்கு 470 தடவை எல்லாப் புல்லியையும் சுற்றி, முன்னும் பின்னும் மடங்கி வருகிறது. ஆல்டர்னேட்டர் புல்லி சிறியது. அதை 6 சென்டிமீட்டர் என்று வைத்தால் அதே நேரத்தில் 5,000 சுற்று சுற்றும். இவ்வளவு பேர் ஒரே நேர்கோட்டில், ஒரே தளத்தில், தடங்கலில்லாமல் சுற்றினால்தான் பெல்ட் பேசாமல் இருக்கும். யார் ஒருவர் கோணினாலும், யார் ஒருவர் இறுகினாலும், சத்தம் மட்டும் பெல்ட்டில்தான் கேட்கும்.

அப்பாவின் நகம்

அப்பா எஸ்டேட் ஃபாக்டரியில் மெயின்டனன்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். தேயிலை உருட்டும் மெஷினிலிருந்து உலர்த்தும் மெஷின் வரை அவர் கை படாத பெல்ட் இல்லை. மதுரை கோச்சடையில் ஃபென்னர் ஆலை பெல்ட் செய்வதை மதிப்போடு சொல்வார். பெல்ட்டைப் பார்க்க அவருக்கு ஒரு முறை உண்டு. மடக்கிப் பிடித்து நகத்தால் உள்பக்கத்தைக் கீறியபடியே நகர்த்துவார். வெடிப்பு தட்டுப்பட்டால் மாற்றச் சொல்வார். நான் முதல் பெல்ட்டை மாற்றுவதற்கு முன்னால் அவரும் எட்டிப் பார்த்து, "ஒரு வெடிப்புகூட இல்லையே கண்ணு, இன்னும் ஓடும்" என்றுதான் சொன்னார்.

அவர் கற்ற காலத்துக்கு அது மிகச் சரி. அப்போது பெல்ட் நியோப்ரீன் ரப்பரில் செய்தது. சூட்டில் காய்ந்து, இறுகி, வெடிக்கும். ஒரு வரியில் மூன்று அங்குல நீளத்துக்குள் மூன்று வெடிப்பு இருந்தால் மாற்று என்பது உலகெங்கும் மெக்கானிக்குகள் கைக்கொண்ட விதி. 1990களின் இறுதியிலிருந்து கார் பெல்ட்டுகள் இபிடிஎம் என்ற வேறு ரப்பருக்கு மாறின. இது சூட்டைத் தாங்கும், சுலபத்தில் வெடிக்காது, பல வருஷம் ஆனாலும் கறுப்பாகப் புதிதுபோலவே இருக்கும். தேய்மானம் இல்லை என்று அர்த்தமில்லை. டயர் தேய்வதுபோல வரிகளின் பக்கச்சுவரிலிருந்து ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. பள்ளம் அகன்று ஆழமாகிறது. புல்லியின் முகடு பெல்ட்டின் பள்ளத்தில் ஆப்புபோல இறுகி உட்கார்ந்தால்தான் பிடிப்பு. பள்ளம் ஆழமானால் முகடு அடியில் போய் முட்டிக்கொள்ளும், பக்கச்சுவரில் பிடிப்பு இருக்காது. வழுக்கும். ஐந்து சதவீத ரப்பர் போனாலே வழுக்கத் தொடங்கிவிடும். அந்த ஐந்து சதவீதம் கண்ணுக்கும் தெரியாது, அப்பாவின் நகத்துக்கும் தெரியாது.

அதை அளக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கிறது. பள்ளத்தில் வைத்து அழுத்தினால், நல்ல பெல்ட்டில் வரிக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். தேய்ந்த பெல்ட்டில் வரியோடு சமமாக அமிழ்ந்துவிடும். பெல்ட் கம்பெனிகள் பட்டறைகளுக்கு இதைக் கொடுக்கிறார்கள். பல பட்டறைகளில் அது டிராயரில் தூங்குகிறது. ஏன் தூங்குகிறது என்ற கேள்விதான், அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியோடு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பெல்ட்டைக் கழற்றிய பிறகு

பொள்ளாச்சிப் பட்டறைக்கு நான் போனது வால்பாறை போகும் வழியில். ஆழியாறு தாண்டுவதற்கு முன்னால் யாராவது ஒருமுறை பார்த்துச் சொன்னால் தேவலை என்று தோன்றியது. மெக்கானிக் அண்ணனுக்கு அறுபதை ஒட்டிய வயது இருக்கும். "பெல்ட்டு சத்தம் அண்ணா, ரெண்டு தடவ மாத்தியாச்சு" என்றேன். "ரெண்டு தடவ மாத்தியும் வருதுன்னா அது பெல்ட்டு இல்லீங் அம்மிணி" என்றவர், பெல்ட்டைத் தொடவில்லை. எஞ்சினை ஓடவிட்டுப் பக்கத்தில் நின்றார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு, ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துத் தள்ளி நின்று பெல்ட்டின் வரிப்பக்கம் பீய்ச்சினார். சத்தம் நின்றது. கையைக் காட்டி இருங்க என்றார். ஈரம் காய்ந்ததும் திரும்பவும் கீச். தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது, குறைந்து திரும்ப வந்தால் ஏதோ ஒரு புல்லி கோணல் என்று விளக்கினார். அப்புறம் டென்ஷனரைக் காட்டினார். "இதோட கை எப்படி நடுங்குது பாருங்க. இவ்வளவு ஆடக் கூடாது. எவனோ ஒருத்தன் பெல்ட்ட புடிச்சுப் புடிச்சு இழுக்குறான்."

எஞ்சினை அணைத்து, சாவியை என்னிடமே கொடுத்து, ஆறட்டும் என்று டீ குடிக்கப் போனார். வந்ததும் பெல்ட் போகும் வழியை ஃபோனில் என்னையே படம் எடுக்கச் சொன்னார். பானட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த படம் எங்கள் வண்டியில் எப்போதோ உரிந்துபோயிருந்தது. நீளக் கம்பியை டென்ஷனரில் மாட்டி, மெதுவாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, வழவழப்பான ஐட்லரின் மேலிருந்து பெல்ட்டை நழுவ விட்டார். டென்ஷனரை டக்கென்று விடாமல் கையோடு கொண்டுபோய் நிறுத்தினார். பெல்ட்டை வெளியே எடுத்து, டிராயரிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் துண்டை எடுத்து வைத்துப் பார்த்தார். துருத்திக்கொண்டு நின்றது. "புதுசுதான், நல்லா இருக்கு" என்று சொல்லி ஆணியில் மாட்டினார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பெல்ட் இல்லாத எஞ்சினின் முன்னால் நின்று ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றினார். அவசரமே இல்லை. ஒன்றைச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். பிறகு மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். தண்ணீர் பம்பின் தண்டில் ஆட்டம் இல்லை, அடியில் கூலன்ட் கசிந்த கறையும் இல்லை. ஏசி புல்லி சுத்தம். ஸ்டியரிங் பம்பின் மூட்டில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவி முகர்ந்து பார்த்தார், இபிடிஎம் பெல்ட்டுக்கு எண்ணெய் ஆகாது, ஊறி உப்பிவிடும். கிராங்க் புல்லியின் நடுவில் இருக்கும் ரப்பர் வளையத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். அந்த ரப்பர் விட்டுப்போனால் வெளிவளையம் நகர்ந்து பெல்ட்டின் பாதையே கோணிவிடும். அதுவும் சரி. ஐட்லரைச் சுற்றியதும் நிறுத்தினார். "கை வெச்சுப் பாருங்க" என்றார். நான் சுற்றினேன். உள்ளே மணல் அரைபடுவதுபோல விரல் நுனிக்கு ஒரு கரகரப்பு. அசைத்தால் லேசாக ஆடியது. எஞ்சின் ஓடும் இரைச்சலில் எந்தக் காதுக்கும் கேட்காத ஒன்று அது. பெல்ட் மாட்டியிருக்கும்வரை கைக்கும் கிடைக்காது.

கடைசியாக ஆல்டர்னேட்டர் புல்லி. ஒரு பக்கமாகச் சுற்றினார், ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டரும் கூடவே சுற்றியது. எதிர்ப்பக்கம் சுற்றினார், அப்போதும் ரோட்டர் கூடவே வந்தது. தலையை ஆட்டினார். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் நிதானமாகச் சொன்னார். நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு தடவை வெடிப்பு நடக்கிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் கிராங்க் ஒரு உந்து உந்தி, பிறகு தளர்கிறது. டீசலில் இந்த உந்தல் இன்னும் முரட்டுத்தனமானது. கனமான ரோட்டர் அந்த வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது கிராங்க் தளர்ந்தால், ரோட்டர் தளராது, பெல்ட்டை முன்னால் இழுக்கும். அதற்காகத்தான் பல டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டர் புல்லிக்குள்ளேயே ஒருவழி கிளட்ச் வைத்திருக்கிறார்கள். ஒரு திசையில் பிடிக்க வேண்டும், மறு திசையில் வழுக்க வேண்டும். எங்கள் புல்லி உள்ளே இறுகி, இரண்டு திசையிலும் பிடித்துக்கொண்டிருந்தது. டென்ஷனரின் நடுக்கம் அங்கிருந்துதான். ஆடிய ஐட்லரின் கோணலும் சேர்ந்துகொள்ள, பெல்ட் கத்தியிருக்கிறது. புதுப் பெல்ட் போட்டதும் சில வாரம் அமைதியாக இருந்தது, புது ரப்பரின் பிடிப்பால்தான். நோய் அப்படியே உள்ளே இருந்திருக்கிறது.

புல்லியைக் கழற்ற உள்பல் வெட்டிய தனி டூல் வேண்டும், அது அவரிடம் இருந்தது. பையன் ஸ்பேர் கடைக்குப் போய் இரண்டையும் வாங்கி வந்தான். மாட்டினார்கள். ஆணியில் தொங்கிய அதே பெல்ட்டை எடுத்து, ஃபோன் படத்தைப் பார்த்துப் போட்டு, ஒவ்வொரு புல்லியிலும் வரி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஒரு வரி தள்ளி உட்கார்ந்தாலும் ஓரம் பிய்ந்து பெல்ட் சீக்கிரமே நாராகிவிடும். ஸ்டார்ட் செய்தார். டென்ஷனரின் கை அசையாமல் நின்றது.

பார்ப்பதற்குக் கூலி

இப்போது பெரியவரின் கேள்வி. பெல்ட் மாற்றவில்லை, அப்புறம் எதற்கு லேபர்? பெல்ட்டை மாட்டிக் கழற்றுவது பழகியவருக்குப் பத்துப் பதினைந்து நிமிட வேலை. தண்ணீர் பீய்ச்சிக் காத்திருந்தது, எஞ்சின் ஆறும்வரை பொறுத்தது, ஒவ்வொரு புல்லியையும் நிற்கும்வரை கேட்டது, முகர்ந்து பார்த்தது, நல்ல பெல்ட்டை நல்லது என்று சொன்னது, இவைதான் அன்று நடந்த வேலை. இதில் எதற்கும் பில்லில் ஒரு வரி கிடையாது. நாம் பொருளுக்கு விலை கேட்டுக் கொடுத்துவிடுகிறோம், பேரம்கூடப் பேசுவதில்லை. கைக்கும் காதுக்கும் கொடுக்கும்போது மட்டும் நமக்குக் கை வருவதில்லை. பட்டறைக்காரர் இதை நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறார். அரை மணி நேரம் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னால் காசு கிடையாது, பார்க்காமல் ஒரு பெல்ட் மாற்றினால் பெல்ட்டில் லாபமும் லேபரும் உண்டு. அப்படியிருக்க, டிராயரில் அந்தப் பிளாஸ்டிக் துண்டு ஏன் தூங்காது?

கோவையில் இரண்டு தடவை பெல்ட் மாற்றியதற்கு நாங்கள் கொடுத்ததைக் கூட்டினால் பொள்ளாச்சி லேபரைவிட அதிகம். அதைவிட எனக்கு உறுத்துவது, அந்த இரண்டு தடவையும் பெல்ட் கழன்றுதான் இருந்தது. கரகரத்த ஐட்லர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு விரலால் சுற்றினால் போதும். சுற்றியிருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்தபிறகு அதை நமக்குப் புரியவைத்து, சம்மதம் வாங்கி, பாகம் வரவழைக்க இன்னும் இரண்டு மணி நேரம் போகும். அந்த நேரத்துக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்று அவர்கள் நினைத்திருந்தால் அந்தப் பழக்கத்தில் நம் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது. "சும்மா பாத்துதானே சொன்னீங்க" என்று சொல்லி ஒரு கைநேர்த்தியை நாமே ஊரைவிட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அந்த அண்ணனின் பட்டறையில் வேலை பழகும் பையன் புல்லியைக் காது கொடுத்துக் கேட்பதா, பெட்டியைப் பிரித்து மாட்டுவதா, எதைக் கற்றுக்கொள்வான் என்பது பெரியவர் மாதிரி நூறு பேர் கேட்கும் கேள்வியில் இருக்கிறது.

இப்போதெல்லாம் வண்டி விடும்போது நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பார்ப்பதற்குத் தனியாக எழுதுங்கள், ஒன்றும் மாற்றாவிட்டாலும் கொடுக்கிறேன். பெல்ட் கழற்றினால் எல்லாப் புல்லியையும் சுற்றிப் பார்க்கச் சொல்கிறேன், முடிந்தால் பக்கத்தில் நிற்கிறேன். பெல்ட்டுக்கு வயதாகி மாற்றும் நாள் வந்தால், அதாவது ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒட்டி, டென்ஷனரையும் ஐட்லரையும் சேர்த்தே மாற்றச் சொல்வேன். மூன்றும் ஒரே தூரம் ஓடியவை, ஸ்பிரிங் களைத்த டென்ஷனரில் புதுப் பெல்ட்டைப் போடுவது வீண். சத்தம் போக பெல்ட்டில் அடிக்கிற ஸ்பிரேயை மட்டும் யார் சொன்னாலும் அடிக்க விடுவதில்லை. அது சத்தத்தை மூடும், தூசியைப் பிடித்துவைக்கும், வேறொன்றும் செய்யாது. அப்பாவிடம் பொள்ளாச்சிக் கதையைச் சொன்னபோது முதலில் இபிடிஎம் பற்றித்தான் விசாரித்தார். அடுத்த முறை மலை இறங்கும்போது அந்தப் பட்டறையில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார், அந்தப் பிளாஸ்டிக் துண்டை அவருக்கு நேரில் பார்க்க வேண்டுமாம்.